ஒரே இறக்கத்தில் அடைப்பும் வெட்டும்: எண்ணெய்க் கிணற்றை மூடும் கருவிகள் ஒன்றுசேரும்போது

மூவாயிரம் மீற்றர் ஆழமுள்ள ஓர் எரிவாயுக் கிணற்றை நிரந்தரமாக மூடவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள்ளே நாலரை அங்குல இரும்புக் குழாய் ஒன்று மேலிருந்து கீழ்வரை தொங்கிக்கொண்டிருக்கும். சாதாரணத் தடிப்புள்ள குழாயானால் மீற்றருக்கு 19 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் 56 தொன். எண்ணெயும் வாயுவும் மேலே வருவது இந்தக் குழாய் வழியாகத்தான். தொழிலில் இதை டியூபிங் என்பார்கள். இதைச் சுற்றி, சிமெந்தால் பாறையோடு பிடித்து நிற்கும் பெரிய குழாய் கேசிங். இரண்டுக்கும் நடுவில் ஒரு வெளி இருக்கும். அந்த வெளியை அடிப்பக்கத்தில் அடைத்துக்கொண்டு, டியூபிங்கைக் கேசிங்கோடு இறுகப் பிடித்திருக்கும் இறப்பர் வளையம் பேக்கர்.

கிணற்றை மூட வழக்கமாக முதலில் டியூபிங்கை வெளியே எடுக்கவேண்டும். அதை எடுத்தால்தான் கேசிங்குக்குப் பின்னால் இருக்கும் சிமெந்து நல்ல நிலையில் இருக்கிறதா என்று அளந்து பார்க்கலாம்; பிறகு உள்ளே சிமெந்துத் தூண் வார்க்கலாம். பல ஆண்டுகள் வெப்பத்திலும் உப்புநீரிலும் கிடந்த பேக்கர் கையசைத்தவுடன் கழன்று வராது. அதனால் பேக்கருக்குச் சற்று மேலே டியூபிங்கை வெட்டி, வெட்டுக்கு மேலுள்ளதை உருவுவதுதான் வழக்கம். வெட்டுவதற்கு முன் அடியை அடைக்கவேண்டும். அடைக்காமல் வெட்டினால் கீழே இருக்கும் வாயு டியூபிங்குக்கு வெளியிலும் ஏறிவிடும்.

அடைப்பு, துளை, வெட்டு என்று மூன்று வேலை. குழாயை அடைக்கும் கருவி பிளக், வெட்டும் கருவி கட்டர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கம்பியில் கருவியை இறக்கி ஏற்றுவதுதான் பழைய முறை. மூன்றையும் ஒரே கோர்வையாகக் கட்டி ஒரே தடவையில் முடிப்பதுதான் இப்போது பலரும் போக விரும்பும் வழி. இதன் இலாபம் உண்மையானது. ஆனால் இறக்கங்களைச் சேர்க்கும்போது, அவற்றுக்கு நடுவில் இருந்த சோதனையும் சேர்ந்து கரைந்துபோகும் ஆபத்து இருக்கிறது. என் கவலை அதில்தான்.

கொழும்பில் இருந்துகொண்டு இதை ஏன் பேசவேண்டும்? 1970களில் மன்னார்த் தீவில், பேசாலையில், சோவியத் உதவியோடு எண்ணெய் தேடித் துளையிட்டார்கள். 2011 இல் கெய்ர்ன் நிறுவனம் ஜப்பானின் சிக்யூ என்ற துளையிடும் கப்பலைக் கொண்டுவந்து மன்னார்ப் படுகையில் இறங்கியது. டொராடோ கிணற்றில் கடலின் ஆழம் மட்டும் 1,354 மீற்றர். அதில் வாயு கிடைத்தது. பரகூடாவில் கடல் ஆழம் 1,509 மீற்றர். அங்கும் வாயு கிடைத்தது. மூன்றாவதாகத் துளைத்த வடக்கு டொராடோவில் ஒன்றும் இல்லை. அதை அடைத்துக் கைவிட்டார்கள். 2015 இல் அந்த நிறுவனம் நாட்டை விட்டுப் போனது. 2021 இன் 21 ஆம் இலக்கப் பெற்றோலிய வளங்கள் சட்டத்தின் கீழ் பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபை அமைந்தது. வாயுவை எப்போது எடுப்போம், எவ்வளவு வரும் என்ற பேச்சு இங்கே ஓய்ந்ததே இல்லை. எடுத்து முடித்த பிறகு கிணற்றை எப்படி மூடுவது என்ற பேச்சு மட்டும் காதில் விழுவதில்லை.

மன்னாரில் தோண்டியவை ஆய்வுக் கிணறுகள். அவற்றில் இப்படி நீண்டகாலம் டியூபிங் தொங்கவில்லை. உற்பத்திக் கிணறு வந்தால்தான் இந்த வேலை வரும். ஆனால் அந்த வேலை எப்படி நடக்கவேண்டும் என்பது ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே தீர்மானமாகிவிடும். அதைத் தீர்மானிக்கப்போகிறவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள்.

சரி, கிணற்றுக்கு வருவோம். பழைய முறையில் ஓர் இறக்கம் எப்படி நடக்கும்? கிணற்றின் வாயில் பல வால்வுகள் கொண்ட ஒரு தொகுதி நிற்கும். அதற்கு மேலே லூப்ரிகேட்டர் என்ற நீளமான அழுத்தக் குழாயை நிறுத்துவார்கள். கருவியை அதற்குள் ஏற்றிப் பூட்டி, கசிகிறதா என்று அழுத்தம் ஏற்றிப் பார்த்த பிறகுதான் கீழே வால்வைத் திறப்பார்கள். அப்புறம் கம்பியை விடுவார்கள். நிமிடத்துக்கு 40 மீற்றர் என்று கணக்குப் போட்டால் மூவாயிரம் மீற்றர் இறங்க ஒன்றேகால் மணி நேரம். ஏற அதே அளவு. ஏறியதும் வால்வை மூடி, லூப்ரிகேட்டரில் அடைபட்ட அழுத்தத்தை வெளியேற்றி, கருவியைக் கழற்றி, அடுத்ததைப் பூட்டி, மறுபடியும் சோதனை. மூன்று வேலைக்கு இதெல்லாம் மூன்று தடவை. ஆழ்கடலில் வேலை செய்யும் துளையிடும் கப்பலின் ஒருநாள் வாடகை பல இலட்சம் டொலர். பாதி நாள் மிச்சம் என்றாலே பெரிய காசு.

காசை விட்டாலும் இன்னொரு நியாயம் இருக்கிறது. லூப்ரிகேட்டரைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அழுத்தமுள்ள கிணற்றுக்கும் மனிதருக்கும் நடுவில் வால்வுகள் மட்டுமே நிற்கின்றன. பாரந்தூக்கி தூக்குகிறது, ஆட்கள் கீழே நிற்கிறார்கள். திறப்பது குறைந்தால் விபத்துக்கான சந்தர்ப்பமும் குறையும். ஆகவே கருவிகளைச் சேர்ப்பதை வெறும் காசாசை என்று ஒதுக்கிவிட முடியாது.

சேர்ப்பது சொல்வதுபோல் இலேசான வேலையும் அல்ல. வழக்கமாகக் கட்டர் கோர்வையின் அடி நுனியில்தான் இருக்கும். கிணற்றில் விட்டுவிட்டு வரவேண்டிய பொருள் என்பதால் பிளக்கும் அடி நுனியில்தான் இருக்கவேண்டும். இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி. பிளக் கட்டாயம் அடியில் இருந்தாக வேண்டும் என்பதால் கட்டர் மேலே போகும். அப்படிப் போனால், பிளக்கை விரிக்கும் கருவிக்கு வேண்டிய மின்சாரம் கட்டரின் நடுவால் கடந்து கீழே போகவேண்டும். கட்டரின் தலை சுழலும்போது அதற்குக் கீழே தொங்கும் கருவி கூடவே சுழன்றுவிடக் கூடாது. வெட்டும் நேரத்தில் ஆடாமல் இருக்க, கட்டருக்கு மேலே பக்கங்களில் கால் ஊன்றும் நங்கூரமும் வேண்டும். கிணறு 60, 65 பாகைக்கு மேல் சாய்ந்திருந்தால் தன் பாரத்தில் கருவி இறங்காது. சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டுபோகும் டிராக்டரும் கோர்வையில் ஏறும். இப்படிக் கூட்டக் கூட்டக் கோர்வை நீளும். அது முழுவதும் லூப்ரிகேட்டருக்குள் அடங்கினால்தான் வால்வை மூடித் திறக்கலாம். லூப்ரிகேட்டரை எவ்வளவு உயரத்துக்கு நிறுத்தலாம் என்பதைப் பாரந்தூக்கியும் மேடையும் காற்றும் தீர்மானிக்கும். மேசையில் அழகாக வரும் வரைபடம் பல தடவை இந்த உயரக் கணக்கில்தான் அடிபடும்.

வெட்டுவதற்கு வழிகள் பல. வட்டமாக அமைத்த வெடிமருந்து ஒரே கணத்தில் வெட்டிவிடும். போரில் டாங்கிகளைத் துளைக்க உருவான குவிவெடிதான் இங்கே வட்டமாக வேலை செய்கிறது. வெட்டு விரைவாக முடியும். ஆனால் வெட்டிய விளிம்பு வெளிப்பக்கம் விரிந்து பிதுங்கும், கட்டருக்குக் கீழே தொங்கும் கருவி தப்புவது கடினம், பின்னால் இருக்கும் கேசிங்கிலும் கீறல் விழலாம். புரோமின் டிரைபுளோரைட் என்ற கடும் வேதிப்பொருளைப் பீய்ச்சி வெட்டுவது இன்னொரு வழி. விளிம்பு துப்புரவாக இருக்கும், ஆனால் அந்தப் பொருளைக் கொண்டுபோவதே தலையிடி. ஒரே கோர்வைக்கு நன்றாகப் பொருந்துவது மின்மோட்டாரால் சுழலும் கத்தி. வெடிமருந்து இல்லாததால் அனுமதி, காவல், வானொலித் தொடர்பை நிறுத்திவைப்பது என்ற சிக்கல்கள் போய்விடும். முக்கியமாக, ஒரு வெட்டு சரிவரவில்லை என்று சந்தேகம் வந்தால் ஒரு மீற்றர் மேலே ஏறி இன்னொரு தடவை வெட்டலாம். வெடியில் அந்த வாய்ப்பு இல்லை. பிளக்கை விரிக்கவும் முன்பு மெதுவாக எரியும் மருந்தைத்தான் பயன்படுத்தினார்கள். இப்போது அதையும் மோட்டாரோ ஐதரோலிக் பம்போ செய்யும்.

கத்தி வெட்டும்போது மேலே இருப்பவருக்குத் தெரிவது மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் மட்டும்தான். கத்தி இரும்பில் பட்டவுடன் கோடு ஏறும். சுவரைக் கடந்தவுடன் இறங்கும். சாய்ந்த கிணற்றில் டியூபிங் கேசிங்கின் ஒரு பக்கத்தோடு ஒட்டிக் கிடக்கும். கத்தி அளவுக்கு மேல் நீண்டால் அந்தப் பக்கத்தில் கேசிங்கையும் வெட்டத் தொடங்கிவிடும். மூடிய கிணற்றைக் காக்கப்போகும் சுவரே அந்தக் கேசிங்தான். நீளாமல் விட்டால் ஒரு கீற்று அறுபடாமல் நிற்கும். பிறகு ரிக் என்ற துளையிடும் மேடை வந்து இழுக்கும்போது குழாய் வராது. அல்லது கிழிந்து, கோணல்மாணலாக வரும்.

ஆழத்தை அறிவதிலும் நுணுக்கம் உண்டு. டியூபிங் என்பது பத்து மீற்றர் அளவான துண்டுகளைத் திருகிப் பூட்டியது. ஒவ்வொரு பூட்டிலும் இரும்பு தடித்திருக்கும். கருவியில் உள்ள காந்த உணரி அந்தத் தடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகும். வெட்டு பூட்டில் விழக் கூடாது; இரண்டு பூட்டுக்கும் நடுவில் விழவேண்டும். ஒரே இறக்கத்தில் வேலை செய்தால் பிளக்குக்கும் வெட்டுக்கும் இடையிலான தூரம் மிகத் திருத்தமாகக் கிடைக்கும், அது நன்மை. ஆனால் எண்ணிக்கை ஒரு பூட்டு தவறினால் பிளக், துளை, வெட்டு மூன்றும் சேர்ந்தே தவறும். தனித்தனி இறக்கத்தில் ஒவ்வொரு தடவையும் புதிதாக எண்ணியதால், ஒன்றின் பிழையை மற்றது காட்டிக்கொடுத்தது.

துளை ஏன் தேவை என்பதையும் சொல்லவேண்டும். டியூபிங்குக்குள் ஓர் அழுத்தமும் வெளியில் இன்னோர் அழுத்தமும் இருக்கும்போது திடீரென்று வெட்டினால், திரவம் வேகமாகப் பாய்ந்து கருவியைக் கம்பியோடு தூக்கி எறியும். கம்பி சுருண்டு முடிச்சு விழும். அதனால் முதலில் டியூபிங்கை மட்டும் துளைத்து இரண்டு பக்கத்தையும் சமப்படுத்துவார்கள். அந்தத் துளை வழியாகவே உள்ளே இருக்கும் வாயுவையும் எண்ணெயையும் கழுவி வெளியேற்றி, பாரமான திரவத்தால் நிரப்பலாம்.

இந்த மூன்று வேலைக்கும் நடுவில் யாரும் கருவி என்று எண்ணாத ஒரு வேலை இருக்கிறது. பிளக் உண்மையில் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது.

நாலரை அங்குலக் குழாயின் உள் விட்டம் நாலு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கீழே மேலேயைவிட 3,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல்) அழுத்தம் கூடுதலாக இருந்தால், பிளக்கைக் கீழிருந்து தள்ளும் விசை ஏறக்குறைய 17 தொன். பிளக்கின் பற்கள் குழாயின் உட்சுவரைக் கடித்துக்கொண்டு அத்தனையையும் தாங்கவேண்டும். இறப்பர் கசியக் கூடாது. உட்சுவரில் படிந்த சுண்ணாம்பு, மெழுகு, துரு எல்லாம் பற்களுக்கும் இரும்புக்கும் நடுவில் வரும். பிளக் விரிந்ததும் மேலே நிற்பவருக்குக் கிடைப்பது கம்பியில் ஒரு துள்ளலும் மின்னோட்டத்தில் ஓர் இறக்கமும்தான். அவை பிளக் கருவியிலிருந்து கழன்றுவிட்டது என்று சொல்லும். அடைத்துவிட்டது என்று சொல்லாது.

அடைத்ததா என்று அறிய, மேலே இருந்து தண்ணீர் பம்ப் பண்ணி அழுத்தம் ஏற்றுவார்கள். இங்கே ஒரு கணக்கைப் பார்ப்போம். மூவாயிரம் மீற்றர் நீள நாலரை அங்குலக் குழாயில் கிட்டத்தட்ட 24,000 லீற்றர் பிடிக்கும். நீரின் அமுக்கத்தன்மையை வைத்துப் பார்த்தால், 3,000 பிஎஸ்ஐ ஏற்ற 200 லீற்றருக்கு மேல் உள்ளே தள்ளவேண்டும். அதன்பின் பிளக்கைச் சுற்றி ஒரு லீற்றர் கசிந்தால் மேலே கேஜ் என்ற அழுத்தமானி இறங்குவது வெறும் 13 பிஎஸ்ஐ போலத்தான். 3,000 இல் 13! கண்ணால் பார்த்தால் முள் அசைந்ததே தெரியாது. அதோடு, மேலே இருந்து போன குளிர்ந்த தண்ணீர் கிணற்றின் வெப்பத்தில் சூடேறி விரியும். சராசரியாக ஒரு பாகையின் பத்திலொரு பங்கு சூடேறினாலே அந்த ஒரு லீற்றர் கசிவை மறைத்துவிடும். அதனால்தான் ஏற்றிவிட்டுக் காத்திருக்கவேண்டும். வெப்பம் அடங்கிக் கோடு தட்டையாகும்வரை பொறுக்கவேண்டும். நோர்வேயின் நோர்சொக் டி-010 விதி தாழ் அழுத்தத்தில் குறைந்தது 5 நிமிடமும் உயர் அழுத்தத்தில் குறைந்தது 10 நிமிடமும் பார்க்கச் சொல்கிறது. அந்த நிமிடங்களின் கணக்கு தொடங்குவது கோடு தட்டையான பிறகுதான்.

வளைகுடாவில் வயர்லைன் வேலை, அதாவது கம்பியில் கருவி இறக்கும் வேலை, செய்துவிட்டு வந்து இப்போது கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "கருவியள் எல்லாம் பழகிப்போகும் தம்பி. அந்தப் பத்து நிமிஷம் கேஜைப் பாத்துக்கொண்டு சும்மா நிக்கிறதுதான் கஷ்டம். ஒருத்தரும் சும்மா நிக்க விடமாட்டாங்கள்," என்றார். கருவி கிணற்றுக்குள்ளேயே இருந்தால் இன்னும் கஷ்டமா என்று கேட்டதற்குக் கையை விரித்தார். "பின்ன? முந்தி எண்டா பிளக்க வச்சிட்டு மேல வருவம். வந்து சேர ஒண்டேகால் மணித்தியாலம். அதுக்குள்ள பிளக் கசியுறதெண்டா கேஜ் காட்டிப்போடும். இப்ப கட்டர் அங்கயே நிக்குது. பட்டனை அமத்தினாச் சரி."

அவர் சொன்னதைத்தான் நான் இந்தக் கட்டுரையின் நடுப்புள்ளியாக எடுக்கிறேன். பழைய முறையில் காத்திருப்பு யாரும் திட்டமிடாமலே கிடைத்தது. கருவி ஏறும் நேரமே பிளக்கைக் கண்காணிக்கும் நேரமாகவும் இருந்தது. கோர்வை ஒன்றானதும் அந்த நேரம் மறைந்துவிட்டது. அதைத் திட்டத்தில் தனி வரியாக எழுதிச் சேர்க்காவிட்டால் திரும்ப வராது.

மேலிருந்து அழுத்துவது மட்டும் போதாது என்பதையும் சேர்க்கவேண்டும். பிளக் தாங்கப்போவது கீழிருந்து வரும் அழுத்தத்தை. மேலே இருக்கும் அழுத்தத்தைக் குறைத்துவிட்டு, கீழிருந்து ஏதும் ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான சோதனை. அந்தச் சோதனையைச் சரியாக வாசிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை உலகம் 2010 ஏப்ரல் 20 இல் பார்த்தது. மெக்சிகோ வளைகுடாவின் மக்கொண்டோ கிணற்றைத் தற்காலிகமாக மூடும் வேலை நடந்துகொண்டிருந்தது. அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தபோது துளைக் குழாயில் 1,400 பிஎஸ்ஐ காட்டியது. பக்கத்துக் குழாயில் பூச்சியம். இரண்டும் ஒரே கிணற்றோடு இணைந்தவை. ஒரே கதையைச் சொல்லவேண்டியவை. பூச்சியத்தை நம்பினார்கள், 1,400 க்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டார்கள், அடுத்த வேலைக்குப் போனார்கள். அன்றிரவே டீப்வோட்டர் ஹொரைசன் ரிக் வெடித்து 11 பேர் இறந்தார்கள். எண்ணெய் கடலில் கொட்டியது 87 நாள். அங்கே அடைத்தது சிமெந்து. பிளக்கும் கட்டரும் சேர்ந்த கோர்வை அல்ல. ஆனால் தவறு நடந்த இடம் அதே இடம்தான்: ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் இருந்த வாசிப்பு.

கோர்வையைச் சேர்ப்பதால் சோதனைக்கு நன்மையும் உண்டு. பிளக் கசிகிறது என்று தெரிந்தால், கருவி கிணற்றுக்குள்ளேயே இருப்பதால் வெட்டாமல் நேராக மேலே வரலாம். வெட்டாத வரைக்கும் எதையும் இழக்கவில்லை; டியூபிங் முழுதாக இருக்கிறது, பேக்கர் பிடித்திருக்கிறது, இன்னொரு பிளக்கை மேலே வைக்கலாம். வெட்டிய பிறகு அந்த வழி அடைபட்டுவிடும். பிளக் வைப்பதற்கும் வெட்டுவதற்கும் நடுவில் இருக்கும் கோடு அவ்வளவு கனமானது. அதைக் கடக்க ஒரு கையெழுத்து வேண்டும் என்பது என் கட்சி. கட்டரை இயக்குபவரின் கையெழுத்தாக அது இருக்கக் கூடாது. நேரத்துக்கு வாடகை கொடுக்கும் நிறுவனத்தினுடையதாகவும் இருக்கக் கூடாது.

இந்த இடத்தில் மன்னார் மறுபடியும் வருகிறது. கடற்பரப்பிலிருந்து 1,354 மீற்றர் கீழே கிணற்றின் வாய் இருந்தால், லூப்ரிகேட்டரும் கடலடியில் நிற்கலாம். அப்படியானால் கருவியை மாற்றக் கப்பல்வரை ஏற்றி இறக்கவேண்டும். தொலைவியக்க நீர்மூழ்கிதான் அதைப் பூட்டித் திறக்கும். தரைக் கிணற்றில் ஓர் இறக்கத்தைத் தவிர்ப்பதால் கிடைக்கும் மிச்சம் இங்கே பல மடங்காகும். ஆகவே மன்னாரில் உற்பத்தி நடந்து முடிந்தால் மூடும் வேலைக்கு வருகிற எந்த நிறுவனமும் ஒற்றைக் கோர்வையோடுதான் வரும், வரவும் வேண்டும். காத்திருப்பைச் சுருக்கச் சொல்லும் நெருக்குதலும் அதே அளவுக்கு இருக்கும்.

கடலில் ஒரு தவறு நடந்தால் யார் தாங்குவது என்பதை இந்தக் கரைக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து, பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் ஒதுங்கியபோது நீர்கொழும்பு மீனவர் கடலுக்குப் போகமுடியாமல் இருந்தார்கள். மன்னாரில் அதே இடத்தில் இருக்கப்போகிறவர்கள் பேசாலை, தலைமன்னார், சிலாவத்துறைத் தொழிலாளிகள்.

ஆகவே அதிகாரசபை ஒப்பந்தத்தில் கேட்கவேண்டியவை மிக எளியவை. பிளக் வைத்ததும் கட்டருக்குப் போகும் மின்சாரம் பூட்டப்படவேண்டும். அந்தப் பூட்டின் திறப்பு அதிகாரசபையின் ஆளிடம் இருக்கவேண்டும். மேலிருந்தும் கீழிருந்தும் இரண்டு சோதனையும் நடக்கவேண்டும். எவ்வளவு நேரம் என்பதைக் கடிகாரத்தோடு சேர்த்துத் தட்டையான கோடும் சொல்லவேண்டும். கேஜ் பதிந்த முழு வரைபடமும், வெட்டின் மின்னோட்டக் கோடும், குழாய்ப் பூட்டுகளை எண்ணிய பதிவும் கொழும்பில் அதிகாரசபையின் கோப்பில் இருக்கவேண்டும். வேலை முடிந்தது என்ற ஒரு பக்கக் கடிதம் அதற்கு ஈடாகாது. காத்திருக்கும் நேரத்துக்கான கப்பல் வாடகையைத் தனி வரியாக, குறைக்கமுடியாத தொகையாக முதலிலேயே எழுதிவிட்டால், மேடையில் நிற்பவர் அவசரப்படக் காரணமும் இருக்காது.